நான்கு ஈடு காய்ச்சியும் நீங்காத மருந்து வாடை: வீட்டு பீரில் குழாய் நீரின் பங்கு என்ன?

பதிவு 1
தேம்ஸ்கரை (இலண்டன்), பிப்ரவரி 2

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு இலண்டனில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று ஆண்டுகளாக பீர் காய்ச்சி வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள், ஹாப் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்துத் தகர டப்பாவில் விற்கப்படும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றைக் கரைத்துச் செய்தேன். அவை உயர்ந்த பீர்கள் அல்ல என்றாலும் குறைசொல்ல இடமில்லாமல் இருந்தன. சென்ற ஆகஸ்டில், மால்ட் தானியத்தையே ஊறவைத்துச் சாறு வடிக்கும் முழுத்தானிய முறைக்கு மாறினேன். அதன் பிறகு காய்ச்சிய நான்கு ஈடுகளிலும் ஒரே குறை விடாமல் தொடர்கிறது.

புட்டியைத் திறந்து குவளையில் ஊற்றியவுடன் முதலில் ஹாப்பின் மணம் வருகிறது. அதன் பின்னாலேயே, காயத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிரிக்கும்போது வருமே, அந்த வாடை எழுகிறது. விழுங்கிய பிறகு அது நாக்கின் அடியில் இன்னும் அழுத்தமாகத் தங்கிவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் தாயார் பீர் அருந்துவதில்லை. குவளையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த வாடை அடிக்கிறதே" என்று அவர் சொன்ன பிறகுதான், இது என் கற்பனை அல்ல என்பது உறுதியாயிற்று.

செய்முறை எளிமையானது. 20 லிட்டருக்கு மாரிஸ் ஓட்டர் மால்ட் 4 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 200 கிராம், கசப்புக்கும் மணத்துக்கும் கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப் வகை. தானியத்தை 66 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்த சாற்றை 60 நிமிடம் கொதிக்கவைக்கிறேன். யூஎஸ்-05 உலர் ஈஸ்ட்டை இட்டு, படிக்கட்டின் கீழுள்ள அலமாரியில் 19 டிகிரியில் இரண்டு வாரம் நொதிக்கவிடுகிறேன். நீரை 1.000 எனக் கொண்டால் தொடக்க அடர்த்தி 1.045, இறுதி அடர்த்தி 1.010. புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்க்கிறேன். பாத்திரங்களையும் புட்டிகளையும் பிளீச் கலந்த நீரில் ஊறவைத்து, மூன்று முறை கழுவுகிறேன். நான்கு ஈடுகள், அதாவது 80 லிட்டர் பீரில் பாதிக்கு மேல் தொட்டியில் கொட்டிவிட்டேன். எங்கே தவறு நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

பதிவு 2
நுண்ணுயிர் (ரெடிங்), பிப்ரவரி 2

பால்பொருள் ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பார்ப்பவன் என்பதால் முதலில் என் துறையிலிருந்தே தொடங்குகிறேன். காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டாலும் பீரில் ஃபீனால் (ஒருவகைக் கரிமச் சேர்மம்) வகை வாடைகள் வரும். ஆனால் அவை பெரும்பாலும் கிராம்பு, புகை, குதிரை லாயம் என்று விவரிக்கப்படுபவை. இரண்டு செய்திகள் தெரிந்தால் இதைப் பிரித்துச் சொல்லிவிடலாம். பழைய புட்டிகளில் வாயு அழுத்தம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறதா? திறந்தால் நுரை பொங்கி வழிகிறதா? எஞ்சியிருக்கும் பழைய புட்டி ஒன்றைத் திறந்து, வாயு முழுவதும் போகும்வரை ஆற்றி, அதன் அடர்த்தியை இப்போது அளந்து எழுதுங்கள். சில காட்டு ஈஸ்ட் வகைகள், நாம் இடும் ஈஸ்ட் தின்னாமல் விட்ட நீண்ட சர்க்கரைகளையும் தின்றுவிடும் என்பதால் 1.010 என்பது 1.004 வரையும் இறங்கியிருக்கும். அப்படி இறங்கியிருந்தால் மீதமுள்ள புட்டிகளைக் குளிரூட்டி, உடனே திறந்துவிடுங்கள். அழுத்தம் மிகுந்த கண்ணாடிப் புட்டி வெடித்தால் முகத்திலும் கையிலும் காயப்படுத்தும்.

பதிவு 3
யாழ்_டொராண்டோ (டொராண்டோ), பிப்ரவரி 3

தம்பி, உங்களுடைய பிளீச்சைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். பத்து வருடங்களுக்கு முன்னர் நானும் அதையே பாவித்தேன். மூன்று முறை அல்ல, ஐந்து முறை அலசினாலும் பிளாஸ்டிக் வாளியின் கீறல்களுக்குள்ளும் குழாயின் உட்சுவரிலும் அது தங்கி நிற்கும். பிளீச்சில் உள்ள குளோரின் மால்ட்டின் உமியிலிருந்தும் ஹாப்பிலிருந்தும் வரும் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும். நீங்கள் விவரிக்கும் பிளாஸ்திரி வாடை அதுவேதான். நான் பாஸ்பாரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட, அலசத் தேவையில்லாத கிருமிநீக்கிக்கு மாறிய நாளிலிருந்து இந்தத் தொல்லை இல்லை. லிட்டருக்கு ஒன்றரை மில்லிலிட்டர் போதும். கலனில் நுரை மிஞ்சி நின்றாலும் அஞ்ச வேண்டியதில்லை, அதன் மேலேயே பீரை ஊற்றலாம்.

பதிவு 4
வாற்கோதுமை (லீட்ஸ்), பிப்ரவரி 3

டொராண்டோ நண்பர் சொன்ன வேதியியல் சரி. ஆனால் குளோரின் பிளீச்சிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. தேம்ஸ்கரை அவர்களே, ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள். டப்பாச் சாற்றில் பீர் செய்த அந்த இரண்டு ஆண்டுகளில் எந்த நீரைப் பயன்படுத்தினீர்கள்?

பதிவு 5
தேம்ஸ்கரை, பிப்ரவரி 4

மூவருக்கும் நன்றி. செப்டம்பரில் அடைத்த புட்டி ஒன்றை நேற்றிரவு திறந்தேன். நுரை பொங்கவில்லை. ஆற்றி அளந்தபோது அடர்த்தி 1.010 ஆகவே இருந்தது. எனவே காட்டு ஈஸ்ட்டுக்கு வாய்ப்புக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

வாற்கோதுமை ஐயாவின் கேள்வியைப் படித்தபோது சற்று அதிர்ந்துபோனேன். அந்த இரண்டு ஆண்டுகளும் கடையில் வாங்கிய ஐந்து லிட்டர் நீர்க்குடுவைகளைத்தான் பயன்படுத்தினேன். தானியத்தை ஊறவைக்கவும், சாறு வடித்தபின் அதில் எஞ்சிய இனிப்பைக் கழுவி எடுக்கவும், கொதிக்கும்போது ஆவியாவதை ஈடுசெய்யவும் 30 லிட்டருக்கு மேல் தேவைப்பட்டதால், முழுத்தானிய முறைக்கு மாறிய அன்றுதான் குழாய் நீருக்கும் மாறினேன். இரண்டு மாற்றங்களும் ஒரே நாளில் நடந்ததால், குறை முழுவதும் என் தானியக் கைவேலையில்தான் என்று ஐந்து மாதங்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் பிளீச் மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது.

பதிவு 6
வாற்கோதுமை, பிப்ரவரி 5

அப்படியானால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் முழுத்தானியத்துக்கு மாறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

குழாய் நீரில் கிருமிகளைத் தடுக்க நீர் நிறுவனங்கள் குளோரினையோ குளோரமினையோ சேர்க்கின்றன. குளோரின் எளிதில் பறந்துவிடும். நீரைக் கொதிக்கவைத்தாலும், வாய் அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்தாலும் பெரும்பகுதி போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படியல்ல. அது நீண்ட குழாய்களில் நெடுந்தொலைவு சென்றும் சிதையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்படுவது; ஆகவே சட்டியிலும் அவ்வளவு எளிதில் சிதையாது. தானியத்தை ஊறவைக்கும் வெந்நீரில் அது இருந்தால், உமியிலிருந்து இறங்கும் ஃபீனால்களோடு அங்கேயே வினைபுரியத் தொடங்கிவிடும். உண்டாகும் குளோரோஃபீனாலை நூறு கோடியில் ஒருசில பங்கு என்ற அளவிலேயே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால், பீரில் அது உண்டான பிறகு நீக்குவதற்கு வழியே இல்லை. உங்கள் தாயாரின் மூக்கு மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறது. நம் வீடுகளில் எல்லாரும் அறிந்த டெட்டாலின் செயல்படு பொருளான குளோரோசைலினாலும் இதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தீர்வு மலிவானது. வீட்டில் ஒயினும் பீரும் செய்வோருக்கான கடைகளில் கேம்டன் மாத்திரை கிடைக்கும். அது மெட்டாபைசல்ஃபைட் உப்பு. 1920களில் கிளாஸ்டர்ஷயரின் சிப்பிங் கேம்டன் ஊரில் இருந்த பழப் பதனீட்டு ஆய்வுநிலையத்தில் உருவான கரைசலிலிருந்து அந்தப் பெயர் வந்தது. 40 லிட்டர் நீருக்கு அரை மாத்திரை போதும். பொடித்து, நீரில் தூவிக் கிளறினால் சில நிமிடங்களில் குளோரினும் குளோரமினும் தீங்கற்ற குளோரைடாகவும், சல்ஃபேட்டாகவும், சிறிதளவு அம்மோனியமாகவும் மாறிவிடும். நீரை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். தானியத்தைக் கழுவும் நீரையும் மறந்துவிடக் கூடாது. பலர் முதல் பாத்திரத்துக்கு மட்டும் போட்டுவிட்டு, இரண்டாவது பாத்திரத்தைக் குழாயிலிருந்து நேரே பிடித்துவிடுகிறார்கள்.

பீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்தான். ஆயினும் மால்ட்டைப் பற்றியும் ஹாப்பைப் பற்றியும் மாதக்கணக்கில் பேசும் நாம், நீரைப் பற்றி ஒரு மாலைகூடச் செலவிடுவதில்லை. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரின் வெளிர் ஏல் (ஒரு பீர் வகை) உலகப் புகழ் பெற்றதற்கு அந்நகரக் கிணறுகளில் கரைந்திருந்த ஜிப்சம் முக்கியக் காரணம். 1842 அக்டோபரில் யோசஃப் குரோல் இன்றைய செக் நாட்டின் பில்சனில் முதன்முதலாகக் காய்ச்சிய பொன்னிற லாகர் பீர் அவ்வளவு மென்மையாக அமைந்ததற்கு, உப்புகள் மிகக் குறைந்த அவ்வூர் நீர் துணைநின்றது. அந்த ஊர்களில் நீருக்கு ஏற்றபடி பீர் அமைந்தது. நாமோ எங்கிருந்தோ ஒரு செய்முறையை எடுத்துவந்து, நம் குழாயில் வரும் நீரில் அதைத் திணிக்கிறோம்.

பதிவு 7
கோவைக்காரன் (கோயம்புத்தூர்), பிப்ரவரி 6

மிகவும் பயனுள்ள விளக்கம், ஐயா. நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். மால்ட்டும் ஈஸ்ட்டும் இணையத்திலேயே கிடைக்கின்றன. இங்கே, என் சொந்தப் பயன்பாட்டுக்காக மட்டும், ஐந்து லிட்டர் அளவில் செய்து பார்க்கலாமா?

பதிவு 8
நெறியாளர், பிப்ரவரி 6

கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். அளவு சிறியது, விற்பனைக்கு அல்ல என்பதெல்லாம் அதற்கு விலக்காகாது. பொருள்கள் கடையில் கிடைப்பதால் செயல் சட்டப்படியானது ஆகிவிடாது. பிரிட்டனிலும்கூட 1963 வரை வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது. அவ்வாண்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் 1978இல் மாறியது என்றாலும், அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் அனுமதித்தன. அனுமதி உள்ள நாடுகளிலும் விற்பனைக்குத் தனி உரிமம் தேவை. எனவே இங்கு எழுதுகிறவர்கள் தாங்கள் வாழும் நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டே செய்கிறார்கள் என்ற அடிப்படையில்தான் இந்த உரையாடல் நடக்கிறது. நண்பர் கோவைக்காரன் மால்ட்டைப் பற்றியும் நொதித்தலைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

பதிவு 9
கோவைக்காரன், பிப்ரவரி 6

புரிந்துகொண்டேன், நன்றி. அப்படியானால் தொடர்ந்து படிப்பவனாகவே இருக்கிறேன். ஓர் ஐயம்: இங்கே கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி மாவாக்குகிறோம். பார்லியை மால்ட்டாக்குவதும் அதே செயல்தானா?

பதிவு 10
வாற்கோதுமை, பிப்ரவரி 6

அடிப்படையில் அதேதான். முளைவிடும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் உருவாகின்றன. பார்லியில் அவை மிகுதி. முளை நீள்வதற்குள் சூளையில் உலர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். பிறகு 66 டிகிரி நீரில் ஊறும்போது அந்த நொதிகள் மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன. வெப்பம் 62 டிகிரிக்கு அருகில் இருந்தால் ஈஸ்ட் முழுவதும் தின்றுவிடக்கூடிய சர்க்கரை மிகுந்து, பீர் வறண்டதாக அமையும். 69 டிகிரிக்கு அருகில் இருந்தால் நொதிக்காத இனிப்பும் கனமும் எஞ்சும். அந்த ஏழு டிகிரிக்குள்தான் காய்ச்சுகிறவரின் கைவண்ணம் இருக்கிறது.

பதிவு 11
நுண்ணுயிர், பிப்ரவரி 7

அடர்த்தி மாறவில்லை என்பதால் காட்டு ஈஸ்ட்டை நானும் கைவிடுகிறேன். ஆனால் நீரா, பிளீச்சா என்பது இன்னும் முடிவாகவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பீர் நன்றாக வந்துவிடும். எது காரணம் என்பது மட்டும் என்றைக்கும் தெரியாமல் போய்விடும். ஆகஸ்டில் நடந்த அதே தவறுதான் மீண்டும் நடக்கும்.

ஆகவே ஒரு யோசனை. நாலரை லிட்டர் கண்ணாடிக் குடுவைகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மால்ட், ஒரே ஹாப், ஒரே ஈஸ்ட் பொட்டலம். முதல் ஈட்டுக்கு வெறும் குழாய் நீர், இரண்டாவதற்குக் கேம்டன் இட்ட குழாய் நீர், மூன்றாவதற்குக் கடை நீர். மூன்று குடுவைகளையும் அமிலக் கிருமிநீக்கியால் மட்டும் தயார்செய்யுங்கள். அடைக்கும்போது ஒவ்வோர் ஈட்டிலும் பாதியைப் பழையபடி பிளீச்சில் ஊறிய புட்டிகளிலும், மறுபாதியை அமிலக் கிருமிநீக்கி இட்ட புட்டிகளிலும் அடையுங்கள்.

சுவைக்கும்போது மூன்று குவளை முறையைப் பின்பற்றுங்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது வேறுபட்டது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஊற்றுகிறவர் சுவைக்கக் கூடாது, சுவைக்கிறவருக்கு எது எது என்று தெரியக் கூடாது. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, முடிவைக் கணக்கிடலாம்.

பதிவு 12
யாழ்_டொராண்டோ, பிப்ரவரி 7

மிகச் சிறந்த யோசனை. எங்கள் நகர நீரிலும் குளோரமின்தான் உள்ளது என்பதை வாற்கோதுமை ஐயாவின் பதிவைப் பார்த்த பிறகே நகராட்சியின் அறிக்கையில் தேடிப் படித்தேன். நான் இத்தனை வருடங்களாகக் கரித்தூள் வடிகட்டியூடாகத்தான் நீர் எடுக்கிறேன். பிளீச்சை விட்டதால் வாடை போனதா, அதே சமயத்தில் வடிகட்டி பொருத்தியதால் போனதா என்று இப்போது என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்னர் அவ்வளவு அடித்துச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

பதிவு 13
தேம்ஸ்கரை, பிப்ரவரி 11

இன்று மூன்று ஈடுகளையும் காய்ச்சி முடித்தேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு வரை ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் 8 லிட்டர் நீர். கேம்டன் மாத்திரையில் பத்தில் ஒரு பங்குதான் தேவை என்பதால், ஒரு மாத்திரையை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, அதில் 10 மில்லிலிட்டரை மருந்து கொடுக்கும் ஊசிக்குழலால் எடுத்து இட்டேன்.

ஒன்றை அப்போதே கவனித்தேன். தானியத்தைத் துணிப்பையில் இட்டு ஊறவைத்தபோது மூன்று சட்டிகளிலிருந்தும் எழுந்த ஆவி ஒன்றுபோலவே, கம்பங்கூழ் கொதிக்கும் மணத்தோடு இனிமையாக இருந்தது. குளிர்ந்த பிறகு, ஈஸ்ட் இடுமுன், அளவுக்கு எடுத்த சாற்றை முகர்ந்தபோது, முதல் சட்டிச் சாற்றின் இனிப்புக்கு அடியில் மிக மெல்லியதாக அந்த வாடை இருந்ததாகத் தோன்றியது. எது எந்தச் சட்டி என்று எனக்குத் தெரியும் என்பதால் இதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். மூன்றின் தொடக்க அடர்த்தியும் 1.044 முதல் 1.046க்குள் உள்ளது. குடுவைகள் படிக்கட்டு அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

பதிவு 14
சிங்கைச்சாரல் (சிங்கப்பூர்), பிப்ரவரி 19

இழையை ஆர்வத்துடன் பின்தொடர்கிறேன். இங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமமின்றிக் காய்ச்ச அனுமதி உண்டு என்பதால் நாங்கள் சிலர் செய்து வருகிறோம். எங்களுடைய தலையாய சிக்கல் வெப்பம். அறை வெப்பம் 30 டிகிரி. நொதிக்கும் கலனுக்குள் அதைவிடச் சில டிகிரி கூடும். பழைய குளிர்ப்பெட்டியில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தாமல் ஏல் காய்ச்சினால் கரைப்பான் நெடி வந்துவிடும். இலண்டன் நண்பருக்குப் படிக்கட்டின் கீழேயே 19 டிகிரி கிடைப்பது பெரிய கொடை.

பதிவு 15
தேம்ஸ்கரை, மார்ச் 18

புட்டியில் அடைத்து மூன்று வாரம் ஆன நிலையில் நேற்று சோதனை நடந்தது. என் மனைவி அடுத்த அறையில் ஊற்றி, குவளைகளின் அடியில் எண் ஒட்டிக் கொண்டுவந்தார். சுவைத்தவர்கள் என் மைத்துனர், அலுவலக நண்பர்கள் இருவர், நான் என நால்வர்.

முதல் சுற்றில் வெறும் குழாய் நீரும் கேம்டன் இட்ட நீரும் மோதின. இரண்டும் அமிலக் கிருமிநீக்கி இட்ட புட்டிகள். நால்வரும் வேறுபட்ட குவளையைச் சரியாகக் கண்டுபிடித்தோம். மைத்துனர் வாயில் வைக்கவே இல்லை, முகர்ந்ததோடு தள்ளி வைத்துவிட்டார். இரண்டாம் சுற்றில் கேம்டன் இட்ட ஒரே பீர். ஒன்று பிளீச்சில் ஊறிய புட்டி, மற்றது அமிலக் கிருமிநீக்கி. நால்வரில் மூவர் சரியாகச் சொன்னோம். வாடை முதல் சுற்றில் இருந்ததில் கால்பங்குகூட இல்லை, ஆனால் இருந்தது. மூன்றாம் சுற்றில் கேம்டன் நீரும் கடை நீரும். இருவர் மட்டுமே சரி. மருந்து வாடை இரண்டிலும் இல்லை. குழாய் நீர்ப் பீரின் கசப்பு இறுதியில் சற்றுக் கரகரப்பாக இருந்தது என்பது என் எண்ணம்.

ஏழு மாதங்களுக்குப் பிறகு என் கையால் காய்ச்சிய முழுத்தானிய பீர் ஒன்றை முழுக் குவளையும் குடித்து முடித்தேன். கென்ட் ஹாப்பில் தேனும் உலர்ந்த புல்லும் கலந்த மணம் இருப்பதாகப் பிறர் எழுதியதைப் படித்திருக்கிறேன். நேற்றுதான் அதை என் பீரில் உணர்ந்தேன்.

பதிவு 16
நுண்ணுயிர், மார்ச் 18

மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறீர்கள். முதல் சுற்றில் நால்வரும் தற்செயலாகச் சரியாகச் சொல்ல 81இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. நீர் காரணம் என்பதை ஏற்கலாம். இரண்டாம் சுற்றில் நால்வரில் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ தற்செயலாகச் சரியாகச் சொல்ல 9இல் ஒரு வாய்ப்பு உண்டு. அது அவ்வளவு அரிது அல்ல. பிளீச்சைக் குற்றவாளி என்று அறிவிக்கும் முன் இன்னொரு முறை பாருங்கள். மூன்றாம் சுற்றிலிருந்து எதையும் சொல்ல முடியாது.

சிறிய எண்ணிக்கையிலான சோதனைகளிலிருந்து எவ்வளவு நம்பலாம் என்ற இந்தக் கேள்வியே பீர்த் தொழிலில் முளைத்ததுதான். டப்ளினில் கின்னஸ் ஆலையில் பணியாற்றிய வில்லியம் காசெட், பார்லியையும் ஹாப்பையும் சில மாதிரிகளை மட்டும் வைத்து மதிப்பிட வேண்டியிருந்ததால் அதற்கான கணக்கை உருவாக்கி, 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். நாங்கள் ஆய்வகத்தில் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

பதிவு 17
தேம்ஸ்கரை, மார்ச் 25

எஞ்சிய புட்டிகளைக் கொண்டு பிளீச் சுற்றை மட்டும், முன்பு கலந்துகொள்ளாத ஆறு பேரை வைத்து மீண்டும் நடத்தினேன். ஐவர் சரியாகச் சொன்னார்கள்.

பதிவு 18
நுண்ணுயிர், மார்ச் 25

ஆறு பேரில் ஐவருக்குக் குறையாமல் தற்செயலாகச் சரியாகச் சொல்வது ஏறத்தாழ 56இல் ஒரு முறைதான் நிகழும். பிளீச்சையும் விட்டுவிடுங்கள். யாழ் நண்பர் வருந்தியிருக்கத் தேவையில்லை, அவர் சொன்னதும் சரியே.

பதிவு 19
வாற்கோதுமை, மார்ச் 26

அந்தக் கரகரப்பான கசப்பைப் பற்றி. ஒரு சுற்றில் இருவர் என்பது சான்றாகாது என்றாலும், இலண்டன் நீரில் காய்ச்சுகிறவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது அதுதான். உங்கள் நீரின் காரத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். கெண்டியின் அடியில் படியும் வெள்ளைக் காரையே அதற்குச் சாட்சி. வெளிர் மால்ட்டுக்கு அதை அடக்கும் அமிலத்தன்மை போதாது. தானியம் ஊறும்போது பிஎச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் மிகுதி) 5.2க்கும் 5.6க்கும் இடையே இருக்க வேண்டும். அது ஏறினால், குறிப்பாகத் தானியத்தைக் கழுவும்போது, உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். அந்தப் பிஎச் அளவுகோலே 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென் உருவாக்கியது என்பதால், நம் கலைக்கு அது உறவுக்காரர்தான்.

வழிகள் இரண்டு. குழாய் நீரில் பாதியும் சவ்வூடு வடித்த (ஆர்.ஓ.) நீரில் பாதியுமாகக் கலக்கலாம். அல்லது லாக்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்துகொண்டே இறக்கலாம். அமிலத்தை மிகுதியாக இட்டால் அதன் புளிப்பே சுவையில் தெரிந்துவிடும் என்பதால், உங்கள் அளவு காரத்துக்கு முதல் வழியே நல்லது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நீரை மாற்றாமல் பீரை மாற்றுவது. 18ஆம் நூற்றாண்டில் இலண்டனுக்குப் பெயர் வாங்கித் தந்தது கரும்பழுப்பு நிறப் போர்ட்டர் பீர். வறுத்த மால்ட் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது. உங்கள் நீரின் காரத்தை அது தானே சமன்செய்யும். கேம்டன் அரை மாத்திரை, வேறெதுவும் சேர்க்காமல் ஒரு முறை போர்ட்டர் காய்ச்சிப் பாருங்கள்.

பதிவு 20
தேம்ஸ்கரை, ஏப்ரல் 8

காய்ச்சிவிட்டேன், ஐயா. மாரிஸ் ஓட்டர் மூன்றரை கிலோ, பழுப்பு மால்ட் 500 கிராம், கிரிஸ்டல் 300 கிராம், சாக்லேட் மால்ட் 250 கிராம், கசப்புக்கு ஃபகிள் ஹாப். நீர் முழுவதும் குழாய் நீர்தான். கழுவும் நீருக்கும் சேர்த்து முன்னிரவே கேம்டன் இட்டுவைத்தேன். நண்பர் ஒருவரிடம் பிஎச் மானியை இரவல் வாங்கி, ஊறத்தொடங்கிய பதினைந்தாம் நிமிடத்தில் ஒரு கரண்டி சாற்றை எடுத்து ஆறவைத்து அளந்தேன். 5.4 காட்டியது. நம்ப முடியாமல் மானியைக் கழுவி மீண்டும் அளந்தேன்; அதே 5.4. வெளிர் ஏலுக்காக மீதமிருந்த மால்ட்டில் ஒரு கைப்பிடியை அதே நீரில் தனியாக ஊறவைத்து அளந்தபோது 5.8 வந்தது.

கலனிலிருந்து வரும் வாயு, அதை வெளியேவிட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடியில் நேற்று முழுவதும் நொடிக்கு ஒருமுறை குமிழிட்டது. இன்று சற்றுத் தணிந்திருக்கிறது. அலமாரிக் கதவைத் திறந்தால் வறுத்த காப்பிக்கொட்டையும் கருப்பட்டியும் கலந்த மணம் வருகிறது. என் தாயாரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். கதவருகில் சற்று நேரம் நின்றிருந்துவிட்டு, "இன்றைக்கு ஆஸ்பத்திரி வாடை இல்லை" என்றார். இரண்டு வாரத்தில் அடைப்பேன். போர்ட்டருக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை மிகுதியா, 4 கிராம் போதுமா?

பதிவு 21
வாற்கோதுமை, ஏப்ரல் 8

நான்கரை இடுங்கள். அடைத்து ஆறு வாரம் காத்திருங்கள்.